ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு குளிர்ச்சி? உடல் வெப்பத்தைச் சீராக்கும் அணிகருவிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது

என் முதல் மாதிரிக் கருவியை மணிக்கட்டில் கட்டிக்கொண்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. 40 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு பெல்டியர் தகடு (மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும்), அதன் மேல் அந்தச் சூட்டைக் காற்றில் விட அலுமினிய ஹீட்சிங்க், அதற்கும் மேல் ஒரு குட்டி ஃபேன். சுவிட்சைப் போட்டதும் ஐஸ் வைத்ததுபோல ஜில்லென்று இருந்தது. நான்காவது நிமிடத்தில் ஜில்லிப்பு குறைந்தது. ஏழாவது நிமிடத்தில் தகடு வெதுவெதுப்பாகிவிட்டது. பதறிப்போய் சுவிட்சை அணைத்தேன். அது இன்னும் மோசம். ஹீட்சிங்கில் தேங்கியிருந்த சூடு மொத்தமும் தகட்டின் வழியாகத் திரும்பி வந்து மணிக்கட்டைச் சுட்டது. குளிர்விக்கச் செய்த கருவி என் கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

கருவியில் பழுது ஏதும் இல்லை. தேர்வுதான் தப்பு. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பெல்டியர் மேல் ஒரு மயக்கம் உண்டு. அசையும் பாகம் கிடையாது, சத்தம் கிடையாது, கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் குளிர்ச்சிக்குப் பதில் சூடு தரும். ஒரே தகட்டில் இரண்டு வேலை! எனக்கும் அந்த மயக்கம் இருந்தது. அது தெளிய உதவியது ஒரு சின்னக் கணக்குதான்.

முதலில் உடம்பின் பக்கம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். வேகமாக நடந்தால் அது 250, 300 வாட் ஆகும். மூட்டை தூக்குவது, மண் வெட்டுவது போன்ற வேலைகளில் 400 வாட்டைத் தாண்டும். கருவி ஏதாவது செய்ததாகச் சொல்ல வேண்டுமானால் இதில் கணிசமான பங்கையாவது வெளியே எடுத்துப் போட வேண்டும்.

இப்போது கருவியின் பக்கம். அணிந்துகொள்ளும் பொருளில் எடைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதனால் ஒவ்வொரு வழியிடமும் ஒரே கேள்வியைக் கேட்போம்: உனக்கு ஒரு கிலோ தருகிறேன், எவ்வளவு வெப்பத்தை எடுப்பாய்?

லித்தியம் பேட்டரி ஒரு கிலோவுக்குச் சுமார் 200 வாட்-மணி மின்சாரம் தரும். 18650 வகை செல் ஒன்று ஐம்பது கிராமுக்குள் இருக்கும். 11, 12 வாட்-மணி கொடுக்கும். உறை, கம்பி என்று மற்ற எடையையும் சேர்த்தால் கணக்கு அந்த 200-இல்தான் வந்து நிற்கும். பெல்டியர் தகடு நடைமுறையில் ஒரு வாட் வாங்கிக்கொண்டு அரை வாட் வெப்பத்தை நகர்த்துகிறது என்று வையுங்கள். ஆக 100 வாட்-மணி குளிர்ச்சி. ஒரு கிலோ ஐஸ் உருகினால் 334 கிலோஜூல், அதாவது 93 வாட்-மணி. கம்பி இல்லை, சர்க்யூட் இல்லை, புரோகிராம் இல்லை. பேட்டரியும் பெல்டியரும் சேர்ந்து செய்ததை வெறும் ஐஸ்கட்டி கிட்டத்தட்ட செய்துவிடுகிறது. 28 டிகிரியில் உருகும் மெழுகு வகைப் பொருள் கிலோவுக்குச் சுமார் 200 கிலோஜூல், 55 வாட்-மணி. அப்புறம் தண்ணீர். தோலின் வெப்பநிலையில் ஒரு கிலோ தண்ணீர் ஆவியானால் 2,430 கிலோஜூல் போகும், 675 வாட்-மணி. அதைச் சுமக்கக்கூட வேண்டாம், உடம்பே வியர்வையாகக் கொண்டுவந்து தோல் மேல் பரப்பிவிடுகிறது.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு என் கேள்வியே மாறிவிட்டது. எந்தக் கருவி நன்றாகக் குளிர்விக்கும் என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்த மனிதரின் வியர்வை ஏன் ஆவியாகவில்லை என்று கேட்க ஆரம்பித்தேன். பதிலைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

ஃபேன் வைத்த ஜாக்கெட்

ஜப்பானில் சோனி நிறுவனத்தின் முன்னாள் பொறியாளரான இச்சிகயா ஹிரோஷி இதைப் பிரபலமாக்கினார். 2004-இல் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். பார்த்தால் விளையாட்டுச் சாமான் போல இருக்கும். ஜாக்கெட்டின் கீழ் முதுகில் இரண்டு ஃபேன்கள். அவை வெளிக்காற்றை உள்ளே தள்ளும். காற்று ஜாக்கெட்டுக்கும் உள்சட்டைக்கும் இடையே ஓடிக் கழுத்து வழியாகவும் கைமுனை வழியாகவும் வெளியேறும். போட்டவர் கொஞ்சம் உப்பிப்போய்த் தெரிவார், அவ்வளவுதான். ஃபேன்களுக்கு 5 முதல் 10 வாட் போதும். அதே ஒரு கிலோ பேட்டரியில் இருபது மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். உண்மையில் அரை கிலோ பேட்டரியே ஒரு நாள் வேலைக்குத் தாராளம். இங்கே மின்சாரம் வெப்பத்தை நகர்த்துவதில்லை, தோலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றைத் தள்ளிவிடுகிறது. மீதியை வியர்வை பார்த்துக்கொள்கிறது.

இதை வடிவமைக்கும்போது ஃபேனைவிடத் துணிதான் முக்கியம். ஜாக்கெட் துணி காற்று புகாத நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபேனுக்குப் பக்கத்திலேயே காற்று கசிந்து போய்விடும், தோள்பட்டைக்கு எட்டாது. உள்சட்டை மெல்லியதாக, உடம்போடு ஒட்டியதாக, வியர்வையை உறிஞ்சிப் பரப்புவதாக இருக்க வேண்டும். உயரத்தில் வேலை செய்பவர் ஜாக்கெட்டின் மேல் பாதுகாப்புப் பட்டை கட்டினால் காற்றோட்டம் அந்த இடத்தில் அமுங்கிவிடும். பட்டையை உள்ளே அணிந்து கொக்கியை மட்டும் வெளியே கொண்டுவர முதுகில் வழி வைத்தே தைக்க வேண்டியிருக்கும். தூசி, தீப்பொறி உள்ள இடங்களில் இந்த யோசனையையே விட்டுவிடலாம். ஃபேன் அவற்றை நேராக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வெளிக்காற்று தோலைவிடச் சூடாக இருந்தால்? தோல் 35 டிகிரி, காற்று 45 டிகிரி என்றால் ஃபேன் சூட்டைத்தானே உள்ளே கொண்டுவருகிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் காற்றின் சூட்டைவிட அதிலுள்ள ஈரத்தைத்தான் கவனிக்க வேண்டும். 35 டிகிரித் தோல் மேலுள்ள வியர்வையின் நீராவி அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல். 45 டிகிரியில் 15 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் அது 1.4 மட்டுமே, இடைவெளி 4.2. அதுவே 35 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதமுள்ள காற்றென்றால் 3.9, இடைவெளி வெறும் 1.7. வெப்பமானி குறைவாகக் காட்டும் அந்தப் புழுக்கமான நாளில்தான் வியர்வை ஆவியாகத் திணறுகிறது. நன்றாக வியர்க்கும் ஒருவருக்கு வறண்ட வெயிலிலும் ஃபேன் பயன்படலாம். வியர்வை குறைந்துபோன முதியவருக்கோ, வியர்வையைக் கட்டுப்படுத்தும் மருந்து எடுப்பவருக்கோ அதே ஃபேன் வெந்நீர் ஊற்றுவது மாதிரிதான்.

நனைத்துப் போடும் வெஸ்டும் இதே குடும்பம்தான், ஆனால் ஒரு படி கீழே. தண்ணீர் துணியின் வெளிப்புறத்தில் ஆவியாவதால் குளிர்ச்சி முதலில் துணிக்கும் பிறகுதான் உடம்புக்கும் வருகிறது. அதற்குள் பாதியை வெளிக்காற்று வாங்கிக்கொள்கிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே அதனால் போகவே முடியாது. மேலே சொன்ன வறண்ட 45 டிகிரிக் காற்றில் அது 24 டிகிரி வரை இறங்கும், அருமை. புழுக்கமான 35 டிகிரியில் 30-க்குக் கீழே இறங்காது. ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு அலைவதுதான் மிச்சம். விலை மலிவு, பழுதாக எதுவும் இல்லை என்பதற்காக வறண்ட இடங்களில் பரிந்துரைப்பேன். வேறெங்கும் இல்லை.

வியர்வைக்கு வழியே இல்லாதபோது

ரசாயனப் பாதுகாப்பு உடை, காற்றுப் புகாத மருத்துவ உடை, ஈயக் கவசம். இவற்றுக்குள் வியர்வை ஆவியாக இடமில்லை. வழிந்து காலுறைக்குள் தேங்கும். கழுத்துப் பகுதியில் முதுகெலும்பு நரம்பு அறுபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வையே சுரக்காது. மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் எனும் நரம்பு நோய் உள்ளவர்களுக்கு உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே பார்வை மங்கலாம், கால் தள்ளாடலாம். உடலுழைப்புக்குப் பிறகு இவர்களுக்குப் பார்வை மங்குவதை 1890-லேயே ஊத்தாஃப் என்ற கண் மருத்துவர் பதிவுசெய்தார். இவர்களுக்கு ஃபேன் ஜாக்கெட் போதாது. குளிர்ச்சியைக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

இங்கேதான் நிலைமாறும் பொருட்கள் வருகின்றன. உருகும்போது வெப்பத்தை விழுங்கி, உருகி முடியும்வரை ஒரே வெப்பநிலையில் நிற்பவை. அந்த வெப்பநிலையை எத்தனையில் வைப்பது என்பதுதான் வடிவமைப்பாளரின் உண்மையான முடிவு. 28 டிகிரிப் பையைத் தோலோடு ஒட்டி வைத்தாலும் குளிராது, இதமாகத்தான் இருக்கும். ஆனால் 34 டிகிரித் தோலுக்கும் அதற்கும் இடைவெளி ஆறே டிகிரி. வெப்பம் மெதுவாகத்தான் பாயும். 15 டிகிரிப் பை மூன்று மடங்கு வேகமாக இழுக்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். இரண்டு கிலோ பைகளுடன் ஒரு வெஸ்ட் என்றால் மொத்தம் 110 வாட்-மணி; 60 வாட் வேகத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் காலி. வெளிப்பக்கம் நல்ல காப்புத் துணி வைக்காவிட்டால் அதிலும் ஒரு பெரும் பங்கு அறைக் காற்றைக் குளிர்விப்பதில் வீணாகும். முதல் முறை நான் இதைத்தான் மறந்தேன்.

திரும்ப உறைய வைப்பதை யாரும் யோசிப்பதில்லை. 28 டிகிரிப் பை சாதாரண அறையிலேயே உறைந்துவிடும் என்று விளம்பரங்களில் படிக்க நன்றாக இருக்கும். அறை 24 டிகிரியில் இருந்தால் இடைவெளி நாலே டிகிரி, மெழுகு வேறு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது, மணிக்கணக்கில் ஆகும். அறையே 35 டிகிரி என்றால் ஒருநாளும் உறையாது. 15 டிகிரிப் பையை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்தால் விரைவில் தயார். இரண்டு ஜோடி கொடுத்து மாற்றி மாற்றிப் போடச் சொல்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

மெழுகு எரியும் என்பதால் தீயணைப்பு வேலைக்குத் தயங்குவேன். கிளாபர் உப்பு போன்ற நீரேறிய உப்புகள் எரியாது, 32.4 டிகிரியில் உருகும். ஆனால் பலமுறை உருகி உறைந்தால் உப்பும் நீரும் தனித்தனியாகப் பிரிந்து திறன் குறையும். கெட்டிப்படுத்தும் சேர்மானங்கள் இல்லாமல் அவற்றைத் தொடாதீர்கள்.

சரி, ஐஸ்தானே மலிவு, கிலோவுக்கு அதிகமும் அதுதானே என்றால், உண்மைதான். சிக்கல் தோலிடம். பூஜ்ஜிய டிகிரிப் பொருள் ஒட்டியதும் தோலடி ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். உள்ளிருந்து வெப்பத்தைச் சுமந்து வரும் ரத்தம் அங்கே வராது. தோல் மரத்துப்போகும், உள்ளே சூடு அப்படியே நிற்கும். நடுவில் ஒரு தடித்த துணியை வைத்தால் இது பெருமளவு சரியாகும். அவசரத்துக்கு ஐஸ் வெஸ்ட் மோசமில்லை.

குழாய் உடை

1966 ஜூனில் ஜெமினி 9ஏ பயணத்தில் யூஜின் செர்னன் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் விண்கலத்துக்கு வெளியே இருந்தார். அவர் உடைக்குள் குளிர்ச்சிக்கு ஆக்சிஜன் வாயுவின் ஓட்டம் மட்டுமே. அவர் திணறித் திணறி வேலை செய்ததில் வெளிவந்த வெப்பத்தையும் ஈரத்தையும் அந்த வாயுவால் சுமக்க முடியவில்லை. முகக் கண்ணாடி பனிமூட்டம் போட்டு மறைத்தது, இதயத் துடிப்பு எகிறியது, வேலையைப் பாதியில் நிறுத்தித் தட்டுத்தடுமாறி உள்ளே வந்தார். அப்போலோவுக்குத் தண்ணீர் ஓடும் உள்ளாடை வந்தது. இன்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வெளியே செல்வோர் அணியும் உள்ளாடையில் சுமார் 90 மீட்டர் நீளத்துக்கு மெல்லிய குழாய்கள் தைக்கப்பட்டிருக்கின்றன.

செர்னன் கதை எனக்குப் பிடிக்கக் காரணம் உண்டு. காற்று ஏன் தோற்றது, தண்ணீர் ஏன் வென்றது என்பது அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. மூடிய உடைக்குள் சில நூறு வாட் எடுக்க வேண்டுமென்றால் பெரிய தோல்பரப்பு, மிதமான குளிர்ச்சி, ஓடும் திரவம் என்ற இந்த மூன்றையும் விட்டால் வேறு வழி அநேகமாக இல்லை. 18, 20 டிகிரித் தண்ணீரே போதும். ரத்தக் குழாய்களும் சுருங்கிவிடாது.

ஆனால் தண்ணீர் வெப்பத்தை எடுத்து எங்கே போடும்? விண்வெளியில் ஐஸை வெற்றிடத்தில் ஆவியாக்கி வெளியேற்றுகிறார்கள். இங்கே முதுகில் ஐஸ் பை, இல்லையென்றால் குட்டி கம்ப்ரஸர், இல்லையென்றால் பக்கத்திலுள்ள குளிர்விக்கும் பெட்டிக்கு ஒரு குழாய். உட்கார்ந்த இடத்தில் வேலை செய்யும் வாகன ஓட்டிக்கோ அறுவைச் சிகிச்சை செய்பவருக்கோ பெட்டியும் குழாயும் அழகாகப் பொருந்தும். ஏணி ஏறுபவருக்குப் பொருந்தாது. இணைப்பு முனைகளில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். கழற்றும்போது ஒரு சொட்டும் சிந்தாத தானடைப்பு முனை வேண்டும். என் இரண்டாவது மாதிரியில் பம்ப், பேட்டரி, சென்சார் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு முனை கசிந்து சோதனை நாளே போயிற்று.

பெல்டியருக்கு எங்கே இடம்

மணிக்கட்டுக் கதைக்கு வருவோம். அந்த 12706 எண் தகடு 12 வோல்ட்டில் 60 வாட் வரை இழுக்கக்கூடியது. மணிக்கு ஐந்து செல்களைத் தின்றுவிடும். ஓடும் மின்னோட்டத்தின் அளவில் குளிர்ச்சி ஏறுகிறது. உள்ளே பிறக்கும் சூடோ மின்னோட்டத்தின் இருமடியில் ஏறுகிறது, அதில் பாதி குளிர்ந்த பக்கத்துக்கே திரும்புகிறது. அதனால் அதிகம் கொடுக்கக் கொடுக்க ஒரு கட்டத்துக்கு மேல் குறைவாகக் குளிரும். உச்ச மின்னோட்டத்தில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று ஓட்டினால்தான் திறன் நன்றாக இருக்கும். நான் முழுசாகத் திறந்துவிட்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய தடை தோல்தான். 16 சதுர சென்டிமீட்டர் என்பது உடல் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எவ்வளவு குளிர்ந்த தகட்டை வைத்தாலும் அந்தத் துண்டுத் தோல் வழியாக ஓரிரு வாட்டுக்கு மேல் வராது. உடம்பு விடும் 100 வாட்டுக்கு முன்னால் அது எம்மாத்திரம்!

அப்படியென்றால் சோனி 2020-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரியான் பாக்கெட் எனும் கழுத்துக் கருவியும், எம்.ஐ.டி. மாணவர்களின் முயற்சியிலிருந்து வந்த எம்பர் வேவ் மணிக்கட்டுக் கருவியும் ஏமாற்றா? இல்லை. அவை செய்வது வேறு வேலை. மூளைக்கு மாற்றம்தான் பெரிதாகத் தெரியும். கழுத்திலும் மணிக்கட்டிலும் வந்து வந்து போகும் ஒரு சிறு குளிர் முழு உடம்புக்குமான இதமாக உணரப்படுகிறது. உடம்பு சூடாக இருக்கும்போது அதே குளிர் இன்பமாகவும், உடம்பு குளிர்ந்திருக்கும்போது துன்பமாகவும் தெரிவதற்கு உடலியல் அறிஞர் மிஷேல் கபனாக் 1971-இல் அல்லியஸ்தீசியா என்று ஒரு பெயரே வைத்தார். மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரென்று பொங்கும் உடற்சூட்டுக்கும், அலுவலகத்தில் ஒருவருக்கு மட்டும் புழுங்குவதற்கும் இது பொருத்தமான, சுமையில்லாத வழி. தொடர்ந்து குளிர்விக்காமல் அலையலையாகக் கொடுத்தால் பேட்டரியும் நெடுநேரம் வரும், உணர்வும் மங்காது.

வெயிலில் உழைப்பவருக்கு மட்டும் இதைக் கொடுக்கவே கூடாது என்பேன். கழுத்தைக் குளிர்வித்து ஓடவிட்ட ஆய்வுகளில் ஓடியவர்கள் கூடுதல் நேரம் ஓடினார்கள். உடலின் உள்வெப்பம் மட்டும் குறையவில்லை, இன்னும் ஏறித்தான் நின்றது. அபாய மணியின் சத்தத்தைக் குறைப்பதும் தீயை அணைப்பதும் ஒன்றாகாது.

சூடு பண்ணுவது

இது சுலபமான பாதி, அதனால்தான் ஆபத்தான பாதியும். கார்பன் இழையில் ஒரு வாட் மின்சாரம் போனால் ஒரு வாட் சூடு வரும்; மேலே நல்ல காப்புத் துணி இருந்தால் 10, 20 வாட்டிலேயே குளிர் விட்டுப்போகும். பெல்டியர் இங்கே தேவையே இல்லை. விரல் விறைக்கிறதென்றால் கையுறையை மட்டும் சூடாக்காமல் மார்பையும் சூடாக்கிப் பாருங்கள். நடுவுடம்பு சூடாக இருந்தால் உடம்பு விரல்களுக்கு ரத்தத்தைத் தாராளமாக அனுப்பும்.

ஆபத்து மெதுவாகச் சுடும் சூட்டில் இருக்கிறது. 44 டிகிரி கைக்குச் சுடாது, இதமாகவே இருக்கும். ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் இருந்தால் தோல் வெந்துவிடும். 1947-இல் மோரிட்ஸும் ஹென்ரிக்கஸும் வெளியிட்ட கணக்கு அது. நெடுநேரம் தோலைத் தொடும் பாகத்துக்கு 43 டிகிரிதான் எல்லை என்று மருத்துவக் கருவித் தரவிதிகள் வைத்திருப்பதும் இதையொட்டித்தான். சர்க்கரை நோயால் பாத உணர்வு போனவருக்கு வலியும் எச்சரிக்காது. ஆகவே வெப்பநிலையை அளக்கும் தெர்மிஸ்டரும் புரோகிராமும் தவிர, அவை இரண்டும் செத்துப்போனாலும் தானாக அறுபடும் ஒரு வெப்ப ஃபியூஸ் தனியாக இருக்கட்டும். துணி மடங்கும் இடத்தில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தைக்க வேண்டும். அங்கேதான் முதலில் கருகும்.

தானாகவே எல்லாவற்றையும் அளந்து சீராக்கும் கருவி என்ற கனவைப் பற்றி ஒரு வார்த்தை. தோலில் ஒட்டிய சென்சார் தோலின் வெப்பநிலையைச் சொல்லும், உள்வெப்பத்தைச் சொல்லாது. தகட்டுக்கு அருகில் வைத்தால் தகட்டின் வெப்பநிலையைத்தான் சொல்லும். மேல் எல்லையைக் காவல் காக்கும் வேலையைச் சென்சாரிடம் விடுங்கள். எவ்வளவு குளிர் வேண்டும் என்பதைக் கையுறை போட்ட கையாலும் திருகக்கூடிய ஒரு குமிழிடம் விடுங்கள்.

எனவே யாராவது இப்போது என்னிடம் வந்தால் வரிசையாகக் கேட்பேன். அவர் உடம்பு வியர்க்கிறதா, காற்று பட இடமிருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஃபேன் ஜாக்கெட், யோசிக்கவே வேண்டாம். மூடிய உடையில் ஒரு மணி நேர வேலை என்றால் 15 டிகிரிப் பைகள், மாற்று ஜோடியுடன். அதே உடையில் நாள் முழுக்க, ஓரிடத்தில் என்றால் குழாய் உடை. நரம்பு நோயாளி வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் வெளியே போய்வர என்றால் 28 டிகிரிப் பை. எடை குறைவாக, சட்டைக்குள் மறையும்படி. நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு இதம் மட்டும் என்றால் பெல்டியர்.

எதைத் தேர்ந்தாலும் சோதிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம், பத்து கிராம் துல்லியமுள்ள ஒரு தராசு போதும். வேலைக்கு முன் ஆளைக் குறைந்த உடையில் எடை போடுங்கள். உடைகளைத் தனியாக எடை போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடியும் இரண்டையும் எடை போடுங்கள். துடைத்த துண்டின் எடைக் கூடுதலை உடையின் கணக்கில் சேருங்கள். நடுவில் குடித்த தண்ணீரை உடம்பின் கடைசி எடையிலிருந்து கழிக்க மறக்க வேண்டாம். உடம்பு 600 கிராம் குறைந்து, துணிகள் 400 கிராம் ஏறியிருந்தால் ஆவியானது 200 கிராம்தான். அடுத்த நாள் ஃபேன் ஜாக்கெட்டோடு அதே வேலையைச் செய்யவிட்டு அந்த 200 எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள்.